கடைமடைக்கு எழுதிய பத்திரம்

ராஜபாளையத்தில் ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான், என் குடை வேறு யாருடனோ போய்விட்டது தெரிந்தது. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் வாசலிலிருந்து குதிரை வண்டிக்கு இருபது அடி இருக்கும். அதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். வண்டிக்காரர் என் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு வாரமா வானம் வெறிச்சுக் கெடந்துச்சு. நீங்க வரவும் ஊத்துது. எந்த ஊரு நீங்க?" என்றார். யாழ்ப்பாணம் என்றேன். "அடேயப்பா, சிலோனா! அங்கருந்து மழையக் கட்டிக் கொண்டாந்துட்டீயளா?" என்று குதிரையைத் தட்டினார்.

வந்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூட வாத்தியார். சமஸ்தானம் ஒன்றில் திவானாக இருந்து ஓய்வு பெற்ற பெரிய மனிதர் ஒருவர், நிலத்தை எப்படிப் பகிர்ந்து கொடுப்பது என்று இங்கிலீஷில் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். பொருளாதாரத்தில் கரை கண்டவர். அந்தப் புத்தகத்தைத் தமிழாக்கி, வாராவாரம் கொழும்புப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டவன் நான். அந்தப் பத்திரிகை எப்படியோ ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கூமாப்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கண்மாயின் கீழே தமக்கு ஒன்பது செய் நன்செய் (செய் என்றால் ஒரு வயல்) இருப்பதாகவும், அதைத் திவான் வகுத்த விதிப்படியே உழுகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட ஆசைப்படுவதாகவும் அவர் திவானுக்குக் கடிதம் போட்டார்.

சென்னையில் இருந்த திவானுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. "தமிழில் எழுதியவர் நீர். நீரே போய்ச் செய்துவைத்துவிட்டு வாரும்" என்று எனக்கு எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டேன்.

திவானின் விதிகள் மொத்தம் மூன்று. கடைசி மகசூலில் எந்த வயலில் எந்தக் குடும்பத்தின் ஏர் ஓடியதோ, அந்த வயல் அந்தக் குடும்பத்துக்கு. இது முதல் விதி. நிலத்தை விட்டுக்கொடுப்பவர் அதற்குப் பிறகு அதில் எந்தப் பங்கும் கேட்கக் கூடாது. இது இரண்டாவது. நிலம் பெற்றவர்கள் இருபது வருஷத்துக்கு அதை விற்கவோ, அடகு வைக்கவோ, தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவோ கூடாது. இது மூன்றாவது. சமஸ்தானத்தில் அவர் நிலம் கொடுத்த இடங்களில், இரண்டே வருஷத்தில் பழைய மிராசுகள் நைச்சியம் பேசி நல்ல வயலை வாங்கிக்கொண்டு, களர் நிலத்தை ஏழைகள் தலையில் கட்டிவிட்டார்களாம். அந்த அனுபவத்தில் பிறந்தது மூன்றாவது விதி. அதைத் தமிழாக்கியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏழையைப் பற்றி இவ்வளவு யோசித்த ஒரு மூளை இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன்.

முதலாளி வீட்டில் எனக்கு மாடி அறை. ஆனால் மாடிப்படிக்குக் கீழே ஒரு வெள்ளை நாய் படுத்திருந்தது. கன்றுக்குட்டி உயரம். குரைக்கவில்லை, கடிக்கவில்லை; நான் எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் அந்தப் பக்கம் வந்து நின்றது. சமையற்கார அம்மாள் தெலுங்கில் ஏதோ அதட்டிய பிறகுதான் வழி விட்டது. அந்த வீட்டில் எல்லோரும் தெலுங்கு பேசினார்கள். என்னிடம் மட்டும் தமிழ். இரவு இலையில் வெள்ளைச் சோறும் பருப்புப் பொடியும் வைத்தார்கள். ரேஷன் காலத்தில் இவ்வளவு அரிசி எப்படி என்று நினைத்தபடியே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவப் போகும்போது அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தேன். வீட்டார் எல்லோரும் கம்பஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்கமாகப் போய்விட்டது.

முதலாளி அறுபதை நெருங்கியவர், மெல்லிய குரல். "நான் பஞ்சு வியாபாரத்துல சம்பாதிச்சேன் வாத்தியாரய்யா. அந்த வயல்ல நான் ஒரு நாள் கால் வச்சதில்லை. பாதி மகசூல் மட்டும் வண்டி ஏறி வந்துக்கிட்டிருக்கு. உங்க கட்டுரையைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல" என்றார். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

மறுநாள் பஸ். யுத்தம் முடிந்தும் பெட்ரோல் பஞ்சம் முடியவில்லை. பஸ்ஸின் முதுகில் பீப்பாய் ஒன்றைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டுகிறார்கள். மழையில் கரி நனைந்துபோய், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் வண்டி முனகி நின்றது. கண்டக்டர், "ஆம்பளைய எல்லாம் எறங்குங்க. செத்த நேரம் தள்ளுங்க" என்று சாவதானமாகச் சொன்னார். இறங்கித் தள்ளினோம். எனக்குப் பக்கத்தில் தள்ளிய இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டே வந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று இன்னொருவரிடம் கேட்டேன். அவர் கூச்சத்தோடு சொன்னார்: "ஊரான் நிலத்தைப் பிரிச்சுக் கொடுக்க வந்தவர் இவர்தானாம். பாவம், இவருக்கு இடுப்பு வேட்டியே நிக்கலையேன்னு பேசிக்கிடுதாங்க." வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ளினேன்.

கான்சாபுரத்தில் இறங்கி மாட்டு வண்டியில் ஊர் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. மேற்கே மலை சுவர் மாதிரி நின்றது. ஒன்பது குடும்பங்களும் கண்மாய்க் கரையில் கூடியிருந்தார்கள். ஐந்து குடும்பம் இந்துக்கள், நாலு குடும்பம் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஊர்க்கோயில் பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் ஒதுக்கினார்கள். இரவு சோளக்கூழும் கருவாடும். எங்கள் ஊரில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழைப் பற்றி நான் பெருமையாக அளக்க ஆரம்பித்ததும், கூழ் ஊற்றிய பெண்பிள்ளை, "இதக் குடிச்சிட்டு அதப் பேசுங்கய்யா" என்றாள். அவள்தான் ஞானம்மாள். முப்பது வயது இருக்கும். புருஷன் மலைக்காய்ச்சலில் போய் மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு பெண்கள், படுத்த படுக்கையாக மாமியார். ஏரைத் தானே பிடிக்கிறாள்.

மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. நிலம் அளக்கும் சங்கிலியும் படிவமும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனோம். கண்மாய் மடையிலிருந்து ஒரே வாய்க்கால். அதன் ஓரமாக ஒன்பது செய்களும் வரிசையாக இருந்தன. மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிற மூக்கன் எனக்கு முன்னால் நடந்தார். முதல் செய்யில் சவரிமுத்து நின்றான்; ஞானம்மாளுக்குக் கொழுந்தன். கரிசலும் வண்டலும் கலந்த மண், கால் வைத்தால் கணுக்கால் வரை வாங்கியது. ஒன்பதாவது, கடைமடை. அங்கே ஞானம்மாள் நின்றாள். போன மகசூலின் நெல்தாள் விரல் விட்டு எண்ணுகிற மாதிரி நின்றது. தண்ணீர் அங்கே வந்து சேர்வது அபூர்வம் என்று பார்த்ததும் தெரிந்தது.

"கடைசி மகசூலில் இந்த வயலில் ஏர் ஓட்டியது நீங்கள்தானா?" என்று கேட்டேன்.

"ஆமாய்யா, நாந்தேன்."

"வேறு யாருக்காவது இதில் பாத்தியம் உண்டா?"

"யாருக்குமில்ல."

எழுதிக்கொண்டேன். படிவத்தில் அதற்கு முந்தைய வருஷத்துக்குக் கட்டம் கிடையாது. நானும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தினமும் மூச்சு விடுவதைப் பற்றி யாராவது அந்நியனிடம் விளக்கிச் சொல்வார்களா? ஒன்பது பேரிடமும் இதே இரண்டு கேள்வி. ஒன்பது பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு முழம் வேலிக்காக அண்ணனும் தம்பியும் சுப்ரீம் கோர்ட் வரை போவார்கள். வக்கீல்களின் கல்வீடுகள் எல்லாம் வேலிச் சண்டையில் எழும்பியவை. இங்கே வேலியே இல்லை. "வரப்புத் தகராறு வராதா?" என்று மூக்கனைக் கேட்டேன். "வரப்புல என்ன சாமி தகராறு!" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எவ்வளவு வெள்ளை மனசுக்காரர்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

நாலாம் நாள் எல்லோருமாக ஸ்ரீவில்லிபுத்தூர் சப்ரிஜிஸ்டிரார் ஆபீசுக்குப் போனோம். முதலாளி காரில் வந்திருந்தார். கோபுரம் மழையில் கழுவி விட்டாற்போல நின்றது. பத்திரங்களை முந்தின இரவு நானே உட்கார்ந்து என் கையாலேயே எழுதியிருந்தேன். குமாஸ்தா அவற்றை ரயில் வேகத்தில் வாசித்தார். விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது என்பது வரை காதில் விழுந்தது. அதற்கப்புறம் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். விளக்கட்டுமா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் எழுத்து ஒன்பது பத்திரங்களாக மேஜை மேல் கிடப்பதைப் பார்க்கிற சந்தோஷத்தில் எனக்கு வாய் எழவில்லை.

ஒன்பது பெருவிரல்கள் மையில் தோய்ந்து எழுந்தன. மூக்கன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். ஞானம்மாள் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மீதியை இலையோடு மடித்து மடியில் கட்டிக்கொண்டாள். "இனிமே எங்க நெல்லு எங்களுக்காய்யா? வண்டி வந்து நிக்காதா?" என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள். நிற்காது என்றேன். நான் பெற்ற சம்பளங்களிலெல்லாம் அவள் முகத்தில் அப்போது பார்த்ததுதான் பெரியது என்று நினைத்தேன். தபாலாபீசுக்குப் போய்த் திவானுக்குத் தந்தி அடித்தேன்: ஒன்பதும் முடிந்தது.

ஐந்தாம் நாள் ஊருக்குப் புறப்பட வேண்டியவன். விருந்து வைத்துத்தான் அனுப்புவோம் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். மலையில் நல்ல மழை, கண்மாய் நிறைந்துவிட்டது. சேவலடித்துக் குழம்பு வைத்தார்கள். கூட்டுறவுக் கடன் சங்கம் பற்றிக்கூட நான் கொஞ்சம் பேசினேன் என்று நினைக்கிறேன். அவ்வளவு சாப்பாடு.

சாப்பிட்டு முடித்ததும் மூக்கன் ஒரு மண்பானையைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தார். "கம்மா பெருகிருச்சு. நாளான்னிக்குக் காலம்பற சீட்டு. சாமி ரெண்டு நாள் இருந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

"என்ன சீட்டு?" என்றேன்.

"செய்க்குச் சீட்டு. இந்த வருசம் யாருக்கு எந்தச் செய்னு போடணும்லா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. மூக்கன் பொறுமையாகச் சொன்னார். கண்மாய் வெட்டிய காலத்திலிருந்து இருக்கிற வழக்கமாம். தண்ணீர் மேலே இருக்கிற செய்க்கு நிறைய, கீழே இருப்பதற்குக் கொஞ்சம். ஒருவனே என்றைக்கும் மேலே இருந்தால் மற்றவன் என்ன செய்வான்? அதனால் வருஷாவருஷம் மடை திறக்கும் முன்னால் சீட்டு. வீட்டுக்கு ஓர் அடையாளம்: ஒருவருக்குப் புளியங்கொட்டை, ஒருவருக்குப் பருத்திக்கொட்டை, ஞானம்மாளுக்கு உடைந்த வளையல் துண்டு. போன வருஷம் கடைசி மூன்று செய் வைத்திருந்தவர்களின் அடையாளம் முதலில் பானைக்குள் போகும். அவர்களுக்கு முதல் மூன்று செய். பிறகு மற்றவர்கள். விதவை என்று ஞானம்மாளை யாரும் ஒதுக்கியதில்லை.

"போன வருசம் எனக்குக் கடைமடை. தண்ணி எட்டிப் பாக்கல. வீட்ல மூணு மாசமா ரேசன் கோதுமைதான்" என்றாள் ஞானம்மாள். "இந்த வருசம் மொத மூணுக்குள்ள வந்துருவேன்யா. பிள்ளைகளுக்கு நெல்லுச்சோறுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

பையிலிருந்து பத்திர நகலை எடுத்தேன்.

"பத்திரத்தில் உங்கள் பேருக்கு எந்தச் செய் எழுதியிருக்கிறது தெரியுமா?" என்றேன்.

"பேரு எங்க இருந்தா என்னய்யா? ஒம்போது செய்யும் ஒம்போது பேருக்குத்தான? சீட்டுப் போடுறப்ப மாறிக்கிடும்."

எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். ஒன்பது தனித்தனிப் பத்திரங்களை, மொத்த வயக்காட்டுக்கும் எழுதிய ஒரே பத்திரமாக நினைத்து விரலை வைத்திருக்கிறார்கள். நான் எழுந்து, அரிக்கேன் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, மூன்றாவது விதியை முதல் முறையாக அவர்களுக்கு நிதானமாகப் படித்துச் சொன்னேன். தங்களுக்குள் மாற்றிக்கொள்ளக் கூடாது. மாற்றினால் பத்திரம் செல்லாது. இருபது வருஷம்.

ஞானம்மாள் மெதுவாக, "அப்போ எனக்கு இருவது வருசம் கடைமடையா?" என்று கேட்டாள்.

மற்றவர்களைப் பார்த்தேன். சற்று முன்பு வரை ஒரே சட்டியில் கை விட்டுச் சாப்பிட்டவர்கள், இப்போது ஒவ்வொருவரும் தம்முடைய செய் எத்தனையாவது என்று மனசுக்குள் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்திருக்கவே வேண்டாம்.

"நாம சீட்டுப் போடுறத யாரு வந்து பாக்கப் போறா? போடுவோம்" என்றார் மூக்கன். அவருக்குச் செய் கிடையாது. எல்லோர் களத்திலும் அவருக்கு நெல் அளப்பார்கள்.

சவரிமுத்து தொண்டையைச் செருமினான். "பத்திரம் செல்லாதுன்னு ஐயாதான இப்பப் படிச்சுச் சொன்னாவ? செல்லாமப் போச்சுன்னா ஒம்போது செய்யும் போயிரும்லா. எனக்கும் நாலு பிள்ளை கெடக்கு."

"கொழுந்தனாரே, போன வருசம் மொத செய் உங்களுக்குத்தான விழுந்துச்சு" என்றாள் ஞானம்மாள்.

"நான் என்ன மதினி செய்யட்டும்? எழுதினது நானா?" என்று அவன் என் பக்கம் பார்த்தான். அது நியாயமான பார்வை.

நான் நாளைக்கே போய் முதலாளியைப் பார்த்துச் சரி செய்துகொண்டு வருகிறேன், அதுவரை பானையை எடுத்து வையுங்கள் என்று சொன்னேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திவானின் புத்தகம் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்தவன் நான்; அதில் எங்காவது ஒரு பொந்து இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டே படுத்திருந்தேன்.

ஆறாம் நாள் விடியும் முன்பே நடந்தேன். ஓடையில் வெள்ளம், பஸ் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேர் கையைப் பிடித்துக் கரையேற்றினார்கள். செருப்பு ஒன்று ஓடையோடு போயிற்று. ஒற்றைச் செருப்போடு நடப்பதைவிட வெறுங்காலே தேவலை என்று மற்றதையும் வீசினேன். பருத்தி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டுவிட்டது. திவானுக்கு அவசரத் தந்தி கொடுத்துவிட்டு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து, "கச்சிதமா எழுதியிருக்கீங்க. இதை உடைக்க ஓட்டையே இல்லை" என்று பாராட்டினார். அவரை அறைந்திருப்பேன்.

ராஜபாளையத்தில் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு இந்த வழக்கமே தெரியாது வாத்தியாரய்யா. நாப்பது வருஷமா நெல்லு வாங்கித் தின்னிருக்கேன், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை" என்றார். பிறகு, "இனி அதில எனக்கு ஒரு பிடி மண்ணுகூட இல்லை. நான் எப்படி மாத்தி எழுதறது? ஆனா அவங்க வாய்ப்பேச்சா சீட்டுப் போட்டு மாத்திக்கிட்டா, நான் கோர்ட்டுக்குப் போக மாட்டேன். சத்தியமாச் சொல்றேன். நீங்க போய்ச் சொல்லுங்க" என்றார். சமையற்கார அம்மாள் சோறு போட்டாள். அன்றைக்கு இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தேன்.

திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தபாலாபீசில் திவானின் பதில் தந்தி காத்திருந்தது. "மூன்றாவது விதியே திட்டத்தின் உயிர். நெகிழ்க்க வேண்டாம். வாழ்த்துக்கள்." திவானைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் பார்த்த ஊர்களில் அது உயிராகத்தான் இருந்திருக்கும். தந்தியைக் கசக்கி வாய்க்காலில் போட்டேன். முதலாளியின் சத்தியம் ஒன்று போதும், ஒன்பது பேரும் மனசு வைத்தால் நடந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊருக்குள் நுழையும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கோர்ட்டுக்குப் போக மாட்டாராம், சத்தியம் செய்திருக்கிறார். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர், "பாப்போம்" என்றார். ஒருவர், காலையில் மகள் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது என்றார். நாலாம் செய்க்காரர் வீட்டில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. சவரிமுத்து மட்டும் முகத்துக்கு நேரே சொன்னான். "முதலாளி தங்கமான மனுசன். அவிய காலத்துக்குப் பொறவு அவிய மகன் வருவாருல்லா? அவரு சத்தியம் பண்ணலையே." அவன் பெண்சாதி உள்ளேயிருந்து, "ஞானத்தப் பாத்தாப் பாவமாத்தான் இருக்கு. நம்ம வயித்தையும் பாக்கணும்ல" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். அந்த அழுகை பொய்யில்லை.

ஏழாம் நாள். வானம் வெளுத்திருந்தது. மூக்கன் பானையை மடைக்குப் பக்கத்தில் கல் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். முதலில் ஞானம்மாள் வந்தாள். தலை குளித்து, வெளுத்த சேலை கட்டியிருந்தாள். பிறகு எட்டாம் செய்க்கார மாடசாமி, கோலை ஊன்றிக்கொண்டு. அவருக்குப் பின்னால் ஏழாம் செய்க்காரரான அவருடைய பங்காளி. போன வருஷத்துக் கடைசி மூன்று பேர்.

வெயில் ஏறியது. வேறு யாரும் வரவில்லை. "செத்த நேரம் பாப்போம்" என்றார் மூக்கன். பார்த்தோம். முதல் செய்யில் சவரிமுத்து மாட்டைப் பூட்டி வரப்போரம் மண் அணைத்துக்கொண்டிருந்தான். அவன் மாட்டை அதட்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஞானம்மாள் கரையில் ஏறி நின்று கூப்பிட்டாள். "கொழுந்தனாரே! சீட்டுக்கு வரலையா?"

அவன் திரும்பவில்லை. "நீங்க போடுங்க மதினி" என்று மாட்டைப் பார்த்தே சொன்னான்.

நான் வயலுக்குள் இறங்கினேன். அவன் காலில் விழுந்தாவது கேட்பது என்று போனேன். மூக்கன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "வேண்டாம் சாமி. கெஞ்சிக் கூட்டியாந்தா அது சீட்டு இல்ல" என்றார்.

மாடசாமி, "அப்போ வீட்டுக்குப் போவோமா?" என்றார். ஞானம்மாள் தலையசைத்தாள். "வந்தது வந்துட்டோம். நம்ம மூணு பேருக்குள்ள போடுவோம்" என்று வளையல் துண்டைப் பானைக்குள் போட்டாள். மற்ற இருவரும் தங்கள் கொட்டைகளைப் போட்டார்கள். மூக்கன் குலுக்கினார். ஒன்பது விழ வேண்டிய பானையில் மூன்று விழுந்து உருண்டன. கையை விட்டு எடுத்தார். வளையல் துண்டு.

"ஞானத்துக்கு ஏழாம் செய்" என்றார், வழக்கமான உரத்த குரலில்.

ஏழாவது, கடைமடையை விடக் கொஞ்சம் மேல். மழை நன்றாகப் பெய்கிற வருஷத்தில் பாதி விளையும். அவள் அந்தத் துண்டைக் கையில் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்து மாடசாமிக்கு எட்டு. பங்காளிக்குக் கடைமடை. ஏழாவதை இழந்து ஒன்பதாவதுக்குப் போன அந்த மனிதர் தம் கொட்டையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். "அடுத்த வருசம் உங்க சீட்டு மொதல்ல போகும்ணே" என்று ஞானம்மாள் அவரிடம் சொன்னாள்.

நான் அழுதேன். அவர்கள் மூவரும் அழவில்லை.

மூக்கன் மடைக்குள் இறங்கிப் பலகையைத் தூக்கினார். தண்ணீர் செந்நிறமாகப் பாய்ந்து வாய்க்காலில் ஓடியது. சவரிமுத்து மண்வெட்டியால் வரப்பை வெட்டிவிட்டான். தண்ணீர் அவனுடைய செய்க்குள் திரும்பிப் பரவியது. நாங்கள் ஐந்து பேரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பங்காளி செய்தது பத்திரப்படி செல்லாது. ஞானம்மாள் செய்ததும் செல்லாது. செல்லுபடியாகிற காரியத்தைச் செய்தவன் சவரிமுத்துதான். அந்த ஒன்பது பத்திரங்களையும் எழுதியவன் நான். அவற்றில் ஓர் எழுத்துப் பிழைகூடக் கிடையாது.